பல்வங்கர் பாலு

பந்தயக் காலம் அணுகுங்கால் நம் விடுதி முற்றங்களில் எழும் வாதங்களை இவ்விதழை வாசிப்போர் யாவரும் அறிவர். இன்னாரை அணியிற் சேர்த்தது தகுமா, இன்னாரை விலக்கியது முறையா, தலைமை எவர்க்கு உரியது என்று இரவு மணி அடித்த பின்னும் பேச்சு ஓய்வதில்லை. ஆடுவோர் பதினொருவரே, ஆய்வோரோ ஐந்நூற்றுவர். இத்தகைய வாதம் ஒன்று நம் நாட்டில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இடைவிடாது நடந்தது. அவ்வாதத்துக்கு நடுவே நின்று, வாய் திறவாது பந்து வீசிக்கொண்டிருந்தவர் ஒருவர். அவரே பல்வங்கர் பாலு. அவர் வரலாற்றை ஒருவாறு சுருக்கி ஈண்டு எழுத விழைகின்றேன்.

பாலு 1870-களின் நடுவில் தார்வாரில் பிறந்தவர். முன்னோர் ஊர் கொங்கணக் கரையைச் சார்ந்த பல்வன் என்பது. அவ்வூரின் பெயரே குடிப்பெயராயிற்று. குலமோ தோல்வேலை செய்யும் சமார் வகுப்பு. அக்காலத்தே அவ்வகுப்பினரைத் தீண்டுதலும் பாவம் என்று கருதியோர் பலர். தந்தையார் படையில் ஊழியம் பார்த்தமையின் குடும்பம் புனாவில் தங்கிற்று. வெள்ளைச் சேனாதிபதிகள் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பின்னர்த் தம்பியர் விட்டல், கணபதி என்பாரும் அவ்வழியே வந்தனர். உடன்பிறந்தார் நால்வரும் ஒரே ஆட்டத்திற் பெயர் பெறுவது எங்கும் அருமையன்றோ?

பிழைப்பின் பொருட்டுப் பாலு முதலில் ஏற்ற வேலை, பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் தரை பெருக்கி உருளை இழுப்பது. திங்கட் சம்பளம் மூன்று ரூபாய். 1892-ஆம் ஆண்டில் ஐரோப்பியரின் புனா கழகத்துக்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் கூடிற்று. ஆடுதரையைச் சமன் செய்தல், சுண்ணாம்புக் கோடு இடுதல், வலை கட்டுதல், டென்னிசு தளங்களைச் செம்மை செய்தல் ஆகிய பணிகளுக்கிடையே, துரைமார் மட்டைப் பயிற்சி செய்யும்பொழுது அவர்களுக்குப் பந்து வீசவும் ஏவப்பட்டார். ஏவியவர்கள் தாம் என்ன செய்கிறோம் என்பதை அறிந்திலர். ஒரு பெரும் பந்துவீச்சாளனை நாள்தோறும் கூலி கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தனர்!

அவருள் கிரெய்க் என்னும் படைத்தலைவர் மட்டை பிடிப்பதில் அந்நாளில் மேற்கிந்தியா முழுதும் புகழ் வாய்ந்தவர். மற்றவர் வருமுன்னரே மைதானத்துக்கு வந்து, பாலுவைத் தனியே பந்து வீசச் சொல்லிப் பயில்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் எட்டணா கொடுப்பதாக ஏற்பாடு என்றும் சொல்வர். (இக்கிரெய்க் முதுமையில் கத்தோலிக்கக் குருவானார் என்பது பலர் அறியாத செய்தி.) மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காகப் பாலு பந்து வீசினார். ஆயினும் மட்டையை அவர் கையில் ஒருநாளேனும் எவரும் கொடுத்ததில்லை. மட்டை பிடித்தல் மேலோர்க்கும், பந்து வீசி வியர்த்தல் கீழோர்க்கும் உரியன என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். அது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் பெரும்பாலும் அவ்வாறே இருந்தது.

பாலு இடக்கையால் மெல்லப் பந்து வீசுபவர். மெல்ல வரும் பந்தென்று எளிதாக எண்ணி முன்வந்து அடிப்போர் ஏமாந்து திரும்புவர். பந்தை இரு புறமும் திருப்புவார். ஒருமுறை உயர எறிவார், ஒருமுறை தாழ எறிவார். ஒரே பந்துபோல் தோன்றுவன இரண்டும் ஒன்றாக இரா. தளராது நெடுநேரம் வீசும் ஆற்றல் அவருக்கு உருளை இழுத்த நாட்களில் வந்ததுபோலும். இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற ரோட்ஸ் என்பாரோடு அவரை ஒப்பிட்டனர் அக்காலத்தவர்.

புனாவின் இந்துக் கழகத்தாருக்கு ஐரோப்பியக் கழகத்தை வெல்ல வேண்டுமென்னும் ஆவல் மிக்கிருந்தது. வெல்லத்தக்க பந்துவீச்சாளன் பகைவர் மைதானத்திலேயே உருளை இழுத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் அவர்கட்குத் தெரியும். அவனைச் சேர்ப்பதா விடுப்பதா? வாதம் மூண்டது. கழகத்தில் இருந்த தெலுங்கர் சிலர் சேர்க்கலாம் என்றனர். புனா அந்தணர் பலர் கூடாது என்றனர். முடிவில் வெற்றியின் ஆசை வைதிகத்தை வென்றது. பாலு சேர்க்கப்பட்டார், ஆனால் மைதானத்தில் மட்டுமே சேர்க்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டனர். தேநீர் வேளையிலோ, மற்றவர் உள்ளே பீங்கான் கிண்ணத்திற் பருக, பாலுவுக்கு வெளியே மண்கலயத்தில் ஊற்றப்பட்டது. முகம் கழுவ வேண்டின், அவர் இனத்து ஏவலன் ஒருவன் மைதானத்தின் மூலையில் நீர் வார்ப்பான். உணவும் தனி மேசையில், தனித் தட்டில். அவர் கைப்பட்ட பந்து தூயது; அவர் கைப்பட்ட கிண்ணம் தூயதன்று! இந்தத் தருக்கத்தை எந்த நியாய நூலிற் கற்றனரோ, யான் அறியேன்.

அவ்வணி பாலுவின் துணையால் வெற்றி பல பெற்றது. மகாதேவ கோவிந்த ரானடே அவர்கள் இதனைப் பொதுவில் எடுத்துப் பேசி, உடன் ஆடுவோர் உடன் உண்ணாதிருப்பது ஏன் என்று இடித்துரைத்தார் என்ப. திலகரும் பாலுவைப் பாராட்டினார்.

புனாவிற் கொள்ளைநோய் பரவிய காலத்தை ஒட்டிப் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். பின்னர்ப் பம்பாய், பரோடா, மத்திய இந்திய இருப்புப்பாதைக் கழகத்தில் வேலை கிடைத்தது. அங்குள்ள இந்து ஜிம்கானாவிலும் முன்போலவே வாதம் எழுந்தது. கீர்த்திகர் என்னும் அணித்தலைவர் உறுதியாக நின்றமையால் பாலு இடம் பெற்றார். 1906-ஆம் ஆண்டில் இந்து அணியும் ஐரோப்பிய அணியும் பம்பாயிற் பொருதன. இந்துக்கள் 242 ஓட்டமும் 160 ஓட்டமும் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 என்ற அளவில் அடங்கினர். 109 ஓட்டத்தில் வெற்றி! ஆளப்படுவோர் ஆள்வோரை வென்ற அந்நாளின் களிப்பை இன்று நாம் கருதிப் பார்ப்பதும் அரிது. அடுத்த ஆண்டும் 238 ஓட்டத்தில் வெற்றி கிட்டிற்று. பாலுவின் தம்பி சிவராமும் அணியில் இருந்தார். அதன் பின்னர் ஜிம்கானாவில் பாலு மற்றவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். பத்தாண்டு வீசிய பந்துகள் இவ்வொரு தட்டை ஈட்டின.

நிற்க. இந்திய அணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்னும் எண்ணம் 1903, 1904-ஆம் ஆண்டுகளிலேயே எழுந்து, பார்சி எத்தனைபேர், இந்து எத்தனைபேர், முஸ்லிம் எத்தனைபேர் என்ற பூசலிலே மாண்டது. ஆட்டக்காரரைத் தேடியதைக் காட்டிலும் விகிதத்தைத் தேடியதே மிகுதி. முடிவில் 1911-ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராசர் பூபிந்தர் சிங்கின் தலைமையில் அணி புறப்பட்டது. அதில் பாலுவும் சிவராமும் இருந்தனர். விக்கெட் காப்பவராகத் தென்னாட்டுச் சேஷாசாரி சென்றார். முதற்றரப் பந்தயம் பதினான்கில் பத்தில் தோல்வி. லீஸ்டர்ஷயரையும் சாமர்செட்டையும் மட்டும் வென்றனர். அத்தோல்விகளுக்கிடையே பாலு ஒருவரே, தோள்வலியையும் பொறுத்துக்கொண்டு, எல்லாப் பந்தயங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரே இன்னிங்சில் எட்டு. ஊர் திரும்பியபொழுது பம்பாயில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அவரை வரவேற்றுப் பாராட்டினர். அவ்வரவேற்பிதழை எழுதியவர் அந்நாளில் கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் என்று கூறுவர்.

இனித் தலைமையைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். மூப்பு, அனுபவம், திறம் என்னும் மூன்றாலும் இந்து அணிக்குத் தலைவராகத் தக்கவர் பாலுவே. 1912-முதல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நான்கு சமூகப் பந்தயமாக அது வளர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் பந்தயத்துக்கு முன் பாலுவின் பெயர் எடுக்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் வைக்கப்படும். 1913-ஆம் ஆண்டில் தலைமை பெற்ற எம். டி. பாய் என்பவரே, தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், இப்பெருமை மூத்தவராகிய பாலுவுக்கு உரியது என்று வெளிப்படக் கூறினார். கூறியும் பயனில்லை.

எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையூர்களில் மீன்பிடிக்கும் இடங்களைப் பங்கிடப் பாடு என்னும் முறை தொன்றுதொட்டு உண்டு. தலைக்கட்டுகளின் பெயரால் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டுக என்று முடிவு செய்வர். நல்ல இடம் இன்று அடையாதவனுக்கும் முறை ஒருநாள் வரும். ஆகையால் பெரும் பூசலின்றி நடக்கும். ஆனால் பாட்டுரிமையில் பெயரே இல்லாதவன் எத்துணை வல்ல வலைஞனாயினும் அவனுக்கு முறை வருவதில்லை. ஏரியில் அவனும் மீன் பிடிக்கலாம். அந்த இடத்தில் அன்று. பாலுவின் நிலையை எண்ணுங்கால் எனக்கு இம்முறையே நினைவுக்கு வருகிறது. விக்கெட் எடுக்கும் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. தலைமைப் பட்டியலில் எழுதப்படவேயில்லை.

1920-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாதம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு அணி அறிவிக்கப்பட்டபொழுது பாலுவின் பெயரே அதில் இல்லை. தலைவராகக் குறிக்கப்பெற்ற பாய் நோயுற்று முதற் பந்தயத்துக்கு வர இயலவில்லை. அவ்விடத்தில் மூத்த ஆட்டக்காரராகிய சிவராமையோ விட்டலையோ அமர்த்தாது, புனாவிலிருந்து வந்த அந்தணராகிய தேவ்தரை அமர்த்தினர். தேவ்தர் சிறந்த ஆட்டக்காரர், வடமொழிப் பேராசிரியர், குற்றம் அவருடையதன்று. ஆயினும் அவர் இவர்களுக்கு இளையவர். சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். விலகிய காரணத்தையும் பலரறிய எழுதி வெளியிட்டனர். சாதியால் தாழ்த்தப்படுவதைப் பொறுத்துக்கொண்டு ஆடுதல் இனி இயலாது என்பதே அதன் கருத்து.

பம்பாய் நகரம் இரண்டுபட்டது. பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. மைதானத்தை அரசியலாக்குவதா என்று கேட்டோரும் உளர்; அரசியலை மைதானத்திற் புகுத்தியவர் தேர்வுக் குழுவினரே என்று விடையிறுத்தோரும் உளர். எனக்கு இரண்டாமவர் கூற்றே பொருத்தமாகப் படுகிறது. காந்தியடிகள் ஒத்துழையாமையோடு தீண்டாமை ஒழிப்பையும் நாடெங்கும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இருபதாண்டு உழைத்த ஒருவரைச் சாதியின் பொருட்டுத் தள்ளிவைத்துவிட்டுச் சுயராச்சியம் கேட்பதெங்ஙனம்? குழுவினர் இறங்கிவந்தனர். பார்சிகளோடு நடந்த இறுதிப் பந்தயத்தில் பாய் தலைவராகத் திரும்பினார். பாலு துணைத்தலைவராக அமர்த்தப்பட்டார். தம்பியர் இருவரும் மீண்டனர். பாய் என்பவர் இடையிலே மைதானத்தை விட்டு வெளியேறி, சிறிது நேரம் பாலு அணியை நடத்துமாறு செய்தார். வெளியேறியதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாற்பத்தைந்து அகவையை எட்டியிருந்த பாலு அன்று பதின்மரை ஏவி நிறுத்தி ஆட்டத்தை நடத்தினார். அவருக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே. அதனோடு அவர் முதற்றர ஆட்டமும் முடிந்தது. முப்பத்து மூன்று பந்தயங்களில் 179 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டம் சற்றேறக்குறையப் பதினைந்து.

மூன்றாண்டு கழித்து, 1923-இல், தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் வென்றனர். வென்ற தலைவரைச் சாதி இந்துக்கள் தோளில் தூக்கிச் சென்ற காட்சியைக் கண்டோர் நெடுங்காலம் பேசினர்.

பாலுவின் அரசியல் வாழ்வு வேறு வகைத்து. தனித்தொகுதி பற்றிய பிணக்கில் அவர் அம்பேத்கரோடு உடன்படாது, சென்னை மாகாணத்துத் தலைவர் எம். சி. இராஜாவின் பக்கம் நின்று, 1932-இல் பொதுத்தொகுதியை ஆதரித்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசின் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. ஒருகாலத்தில் தம்மைப் போற்றிய இளைஞரிடம் முதுமையிற் பெற்ற இத்தோல்வி அவரைச் சிறியவராக்கிற்று என்று எண்ணுவோர் உளர். இருவரும் ஒரே வாயிலைத் தட்டியவர்கள். ஒருவர் உள்ளே அழைக்கும்வரை நின்று தட்டினார், மற்றவர் கதவையே பெயர்க்க முனைந்தார். இவ்விரண்டில் எது சரியென்பதை நம் விடுதி முற்றத்தார் வாதித்துக்கொள்ளட்டும்.

சமூகவாரியான பந்தயங்கள் 1946-உடன் நின்றன. பாலு 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் பம்பாயிற் காலமானார்.