புல்லுருவிக்கு முகவரி கொடுத்தவர்: யார் இந்த வான் டீகம்?

மாமரக் கிளையில் வேற இலையோட தனியா ஒரு கொத்து தெரியுதா? அதுதான் புல்லுருவி. கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கித் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். 19-ம் நூற்றாண்டில் உலகம் முழுக்க உள்ள நூற்றுக்கணக்கான புல்லுருவி இனங்களை 'லோராந்தஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தார்கள்.

யார் இவர்?
ஃபிலிப் வான் டீகம். 1839-ல் வட பிரான்ஸில் பிறந்தவர். லூயி பாஸ்டரின் மாணவர். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பேராசிரியர்.

என்ன செய்தார்?
1890-களில் பூ, சூலகம் என உள்ளமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அந்த ஒற்றைப் பேரினத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார்.

ஏன் எதிர்ப்பு?
சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் புதுப் பேரா என்று பலர் ஒதுக்கினார்கள். 1914-ல் இறக்கும்வரை அவருடைய பிரிப்புக்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

அப்புறம்?
1930-களில் டச்சு தாவரவியலாளர் டான்சர் அந்தப் பெயர்களில் பலவற்றை மீட்டெடுத்தார். எல்லாமே தப்பிக்கவில்லை. ஆனால் யூகலிப்டஸில் வளர்ந்தால் அதன் இலை மாதிரி, சவுக்கில் வளர்ந்தால் ஊசி மாதிரி இலை விடும் இனங்களைக் கொண்ட ஆஸ்திரேலியாவின் 'அமையேமா', நம்ம தென்னிந்தியாவிலும் உள்ள 'டாக்சில்லஸ்' இரண்டுமே அவர் வைத்த பெயர்கள்தான். லோராந்தஸில் இன்று மிஞ்சியிருப்பது சில இனங்களே.