சாவகத்துச் சிவநேசன் சஞ்சய வேந்தன்

பண்டைத் தமிழர் சாவகம் எனப் போற்றிய யாவாத் தீவின் நடுவே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், கந்தகப் புகை கமழும் தியெங் என்னும் மேட்டுநிலம் உள்ளது. தெய்வங்கள் உறையும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அங்கு நிற்கும் எட்டுச் சிறு கற்றளிகள் அத்தீவின் மிகப் பழைய கோயில்களுள் வைத்து எண்ணப்படுவன. வீமன், அருச்சுனன் என்னும் பெயர்கள் அவற்றிற்குப் பிற்காலத்தார் இட்டவை. எடுப்பித்தோர் பெயரை அறிவார் இலர்.

அக்கோயில்கள் எழுந்த காலத்தை ஒட்டி வாழ்ந்து, பெயர் நிலைக்கப் பெற்றவன் சஞ்சய வேந்தன்.

அவனுக்கு முன் சன்னன் என்னும் மன்னன் நெடுங்காலம் அறம் வழுவாது ஆண்டான். அவன் விண்ணுலகு எய்தியதும், காவலனை இழந்த நாடு கலங்கிற்று. அந்நிலையில், சன்னனுடைய உடன்பிறந்தாளின் மைந்தனாகிய சஞ்சயன் அரசேற்றான். சூழவிருந்த மன்னரை வென்று நாட்டை நிலைநிறுத்தினான்.

வென்ற மன்னன் தன் புகழை நாட்ட விழைந்திலன். குன்றின்மேல் சிவலிங்கப் பெருமானைப் பிரதிட்டை செய்வித்தான். சக ஆண்டு 654, சாந்திரமானக் கார்த்திகை வளர்பிறைத் திரயோதசி, திங்கட்கிழமை, அஃதாவது கி.பி. 732 அக்டோபர் 6. வுக்கிர் குன்றிற் கிடைத்த கல்வெட்டு இதனைப் பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழிச் சுலோகங்களால் உரைக்கின்றது. முதல் வணக்கம் சிவபெருமானுக்கே. அயனும் மாலும் அதன்பின் போற்றப்படுகின்றனர். அவன் ஆட்சியில் மக்கள் கள்வர்க்கு அஞ்சாது வழியோரத்தே துயின்றனர் என்பதும் அக்கல்வெட்டாற் பெறப்படும். திருப்பணியும் செங்கோலும் அவன்பால் ஒன்றாய் நின்றன.

175 ஆண்டுகள் கழிந்து, கி.பி. 907-இல் பலிதுங்க மன்னன் வெளியிட்ட சாசனம், மாதாராம் அரசர் வரிசையில் முதற்கண் வைத்தது சஞ்சயனையே.

வுக்கிர் குன்றின் கோயில் இன்று சிதைந்துள்ளது. பெரிய ஆவுடையார் அங்கு எஞ்சியுள்ளது. தியெங்கில் வீமன் கோயில் விமானத்தின் கூடுகள் மாமல்லை இரதங்களை நினைவூட்டுகின்றன. அருச்சுனன் கோயிலின் வடசுவரில் திருமஞ்சன நீர் வழிந்தோடும் கோமுகை இன்றும் உள்ளது. அக்கற்களை அடுக்கியவர், பொருள் ஈந்தவர், நீர் சுமந்தவர் எவர் பெயரும் எஞ்சவில்லை. அவர் ஆட்டிய நீர் சென்ற வழி எஞ்சியது.

ஒருவன் பெயரைக் கல்லில் நிறுத்துவதும், ஒருவன் பெயரைத் தன் திருவுள்ளத்தில் மட்டும் வைப்பதும் இறைவன் செயல். பணி செய்வதொன்றே அடியார் கடன்.

திருச்சிற்றம்பலம்.