மராட்டியர் அல்லர் என்பதால் மறுக்கப்பட்ட வாய்ப்பு: மும்பையில் சுயேச்சையாகக் களம் கண்ட கிருஷ்ண மேனன்

மும்பை: பத்து ஆண்டுகள் மும்பையின் வடபகுதி மக்களை மக்களவையில் பிரதிநிதித்துவம் செய்த ஒருவர், மூன்றாவது முறையாக அதே நகரில் வாக்குக் கேட்க வந்தபோது, அவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி எழுப்பப்பட்டது. 1967 பொதுத்தேர்தலில் வடகிழக்கு மும்பை தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்ட முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனே அந்த வேட்பாளர். அப்போது அவருக்கு வயது எழுபது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த தென்னிந்தியர்களுக்கு அந்தத் தேர்தல் ஒரு வேட்பாளரின் வெற்றி தோல்வியைப் பற்றியது மட்டுமாக இருக்கவில்லை.

கோழிக்கோட்டில் 1896-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி பிறந்த மேனன், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் ஈடுபட்ட அவர், 1924-ல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் இந்தியா லீக் அமைப்பின் மூலம் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டினார். பெலிக்கன் நூல் வரிசையின் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

அவரது தேர்தல் வாழ்க்கை தொடங்கியது இந்தியாவில் அன்று. லண்டனின் செயின்ட் பான்கிராஸ் பகுதி மக்கள் 1934-ல் அவரை உள்ளாட்சி மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். 1947 வரை அப்பொறுப்பில் நீடித்த அவர், நூலகக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அப்பகுதியின் கௌரவக் குடியுரிமை 1955-ல் அவருக்கு வழங்கப்பட்டது. ஆட்சி செய்த நாட்டின் தலைநகரில், ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்தவருக்குக் கிடைத்த இந்த ஏற்பைப் பின்னாளைய மும்பை நிகழ்வுகளுடன் ஒப்பிடாமல் இருப்பது கடினம்.

விடுதலைக்குப் பின் பிரிட்டனுக்கான இந்தியத் தூதர், ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி என அவரது பொறுப்புகள் உயர்ந்தன. 1953-ல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த சில வாரங்களில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாய் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார், பாதுகாப்பு அமைச்சரானார்.

1962 தேர்தல் இன்னும் பரபரப்பானது. மேனனை எதிர்த்து, எதிர்க்கட்சிகள் பலவற்றின் ஆதரவுடன் ஆச்சார்ய கிருபளானி சுயேச்சையாகக் களமிறங்கினார். பிரதமர் நேரு தம் நண்பருக்காகத் தீவிரமாக வாக்குச் சேகரித்தார். நடிகர் திலீப் குமாரும் மேடையேறினார். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த கோவா விடுதலை நடவடிக்கையும் மேனனுக்குச் சாதகமாக அமைந்தது. சுமார் 1.45 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அவர் வெற்றி பெற்றார். கிருபளானி சிந்தி, மேனன் மலையாளி. மகாராஷ்டிர மாநிலம் உருவாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத அந்த வேளையிலும், இருவரில் ஒருவரும் மராட்டியர் அல்லர் என்பது அங்கு பெரிய விவாதமாகவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. படைகள் போதிய ஆயத்தமின்றி இருந்ததற்கான பழி மேனன் மீது விழுந்தது. நவம்பரில் அவர் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். 1964-ல் நேரு மறைந்ததும் கட்சிக்குள் அவருக்கு இருந்த பெரிய பாதுகாப்பும் நீங்கியது.

1967 தேர்தலுக்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மேனன் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்ற காரணம் முன்வைக்கப்பட்டு அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. மும்பை காங்கிரஸில் செல்வாக்கு மிகுந்த எஸ்.கே. பாட்டீலுக்கும் இடதுசாரி நோக்கு கொண்ட மேனனுக்கும் நெடுநாளாகவே ஒத்துப்போனதில்லை. ஊர் என்ற காரணத்தின் பின்னே கொள்கைப் பகையும் இருந்தது என்றே கொள்ள வேண்டும். கட்சியின் அகில இந்தியத் தலைவராக அப்போது இருந்தவர் காமராஜர். மேனன் காங்கிரஸிலிருந்து விலகி, சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார்.

சரியாக அந்நேரத்தில் நகரின் அரசியல் காற்றும் மாறியிருந்தது. 1966 ஜூன் 19-ஆம் தேதி பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அவரது மார்மிக் வார இதழ், நிறுவனங்களில் பணிபுரியும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டுவந்தது. அலுவலகங்களில் தட்டச்சராகவும் கணக்கராகவும் வேலை பார்த்தவர்களும், உடுப்பி உணவக உரிமையாளர்களும் ஒரே அடைமொழிக்குள் மதராசிகளாயினர். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடு அங்கு செல்லுபடியாகவில்லை. அத்தகைய சூழலில் ஒரு மலையாளி சுயேச்சையாக நின்றது புதிய இயக்கத்துக்குத் தக்க இலக்காயிற்று. சிவசேனா மேனனுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது.

காங்கிரஸ் நிறுத்திய எஸ்.ஜி. பார்வே, ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து மாநில அமைச்சரானவர். திட்டக் குழுவிலும் பணியாற்றியவர். பான்ஷெட் அணை உடைந்து 1961-ல் புனே நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆற்றிய மீட்புப் பணிக்காகப் பெயர் பெற்றவர். அவரும் மும்பையில் பிறந்தவர் அல்லர். ஆனால் மராட்டி பேசினார். மேனனோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினார்.

முடிவில் சுமார் 13 ஆயிரம் வாக்குகளில் மேனன் தோற்றார். கட்சிச் சின்னமின்றி, ஆளுங்கட்சியையும் சிவசேனாவையும் ஒருங்கே எதிர்த்து நின்றவருக்கு அது சிறிய இடைவெளிதான். முடிவுகள் வெளியான சில நாட்களில் பார்வே மாரடைப்பால் காலமானார். அதனால் நடந்த இடைத்தேர்தலிலும் மேனன் சுயேச்சையாக நின்றார். பார்வேயின் சகோதரி தாரா சப்ரேயைக் காங்கிரஸ் நிறுத்தியது. அந்தத் தேர்தலிலும் மேனன் தோல்வியடைந்தார்.

வெளியூர்க்காரர் என்ற பழி எல்லோரையும் வீழ்த்திவிடவில்லை. அதே 1967-ல் தெற்கு மும்பையில், மங்களூரில் பிறந்த 36 வயது தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், எஸ்.கே. பாட்டீலையே தோற்கடித்தார். டாக்சி ஓட்டுநர்களையும் மாநகராட்சித் தொழிலாளர்களையும் ஒன்றுதிரட்டி, அவர்களின் மொழியிலேயே பேசிவந்தவர் அவர். தமிழ்நாட்டில் காமராஜரோ, தம் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். மேனனின் வாய்ப்பு பற்றி வாதிட்ட தலைவர்கள் பலர் அந்த ஆண்டு தத்தம் மண்ணிலேயே தோற்றது வரலாற்றின் விந்தை.

இரு தோல்விகளுக்குப் பிறகும் மேனன் சுயேச்சை என்ற அடையாளத்தைக் கைவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1969-ல் மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூர் தொகுதி இடைத்தேர்தலில் ஐக்கிய முன்னணி ஆதரவுடன் நின்று, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வங்க மொழி அறியாத அவரை அத்தொகுதி ஏற்றுக்கொண்டது. 1971 பொதுத்தேர்தலில் திருவனந்தபுரத்தில் இடதுசாரிகளின் ஆதரவுடன் சுயேச்சையாகவே போட்டியிட்டு வெற்றி பெற்றார். பிறந்த கேரளத்திலிருந்து மக்களவைக்கு அவர் சென்றது அதுவே முதல்முறை. அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த நிலையில், 1974 அக்டோபர் 6-ஆம் தேதி டெல்லியில் காலமானார்.