கால் ஒடிந்த மாலுமி கடலுக்குப் பாதை போட்டார்!

1839-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் ஓகையோ மாகாணத்தில், பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வண்டி குடைசாய்ந்தது. மேல்தட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கடற்படை அதிகாரி கீழே விழுந்தார். அவருடைய வலது கால் முறிந்தது.

அவர் பெயர் மாத்யூ மோரி. அப்பொழுது அவருக்கு வயது 33.

எலும்பு கூடியது. ஆனால் நொண்டி நொண்டித்தான் நடக்க முடிந்தது. இனி அவர் கப்பலில் வேலை பார்க்க முடியாது! கடலே கதி என்று இருந்தவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறு என்ன வேண்டும்?

ஆனால், அந்த அடிதான் உலகத்து மாலுமிகளுக்கெல்லாம் நன்மையாக முடிந்தது.

விவசாயி மகன்

மோரி 1806-ம் ஆண்டு விர்ஜினியாவில் பிறந்தார். தந்தை விவசாயி. பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் டென்னசி மாகாணத்துக்குக் குடியேறியது.

மோரியின் அண்ணன் கடற்படையில் இருந்து, மஞ்சள் காய்ச்சலால் இறந்துபோனார். அதனால், இன்னொரு மகனைக் கடலுக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. மோரி கேட்கவில்லை. 1825-ம் ஆண்டு, தமது 19-வது வயதில் கடற்படையில் சேர்ந்தார். கப்பலிலே உலகத்தையும் சுற்றி வந்தார்.

குப்பையில் கிடந்த புதையல்

கால் ஒடிந்தவருக்கு 1842-ம் ஆண்டு வாஷிங்டனில் ஓர் அலுவலகப் பொறுப்பு கொடுத்தார்கள். கடற்படையின் வரைபடங்களையும் கருவிகளையும் வைத்திருக்கும் இடம் அது.

அங்கே பழைய கப்பல்களின் நாட்குறிப்புப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இன்று கப்பல் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, நீரோட்டம் எப்படி என்று நாள்தோறும் எழுதப்பட்ட புத்தகங்கள். அவற்றைப் புரட்டுவார் இல்லை.

மோரி புரட்டினார்! ஒரே இடத்தை ஒரே மாதத்தில் பல கப்பல்கள் கடந்திருந்தன. அவை கண்ட காற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அந்த இடத்தில் அந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்று தெரிந்துவிட்டது. 1847-ம் ஆண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் முதல் வரைபடம் வெளிவந்தது.

அந்தக் காலத்தில் காற்றை நம்பித்தான் கப்பல் ஓடியது. காற்று இல்லாத பகுதியில் சிக்கினால், நாள்கணக்கில் நிற்க வேண்டியதுதான். குடிதண்ணீர் குறையும். நோய் வரும். ஆகவே வழி தெரிவது, உயிர் பிழைக்கும் காரியம்.

1848-ம் ஆண்டு, பால்டிமோர் துறைமுகத்திலிருந்து பிரேசில் நாட்டு ரியோவுக்கு ஒரு கப்பல் மோரியின் வழியில் சென்றது. வழக்கமாக 55 நாள் பிடிக்கும் பயணம் அது. கப்பல் 38 நாளில் போய்ச் சேர்ந்தது!

விலை இல்லை, நிபந்தனை உண்டு

எல்லோரும் வரைபடம் கேட்டார்கள். விலை வைத்திருந்தால் பணம் குவிந்திருக்கும். மோரி காசு கேட்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்.

கப்பல் தலைவருக்கு ஒரு காலிப் படிவம் கொடுப்பார்கள். போகிற வழியில் காணும் காற்று, நீரோட்டம், வெப்பம் எல்லாவற்றையும் அதில் குறித்து வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் வரைபடமும் வழிகாட்டி நூலும் இலவசம்!

வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க வரைபடம் மேலும் சரியானது. ஒருவர் கண்டது எல்லோருக்கும் பயன்பட்டது.

1851-ம் ஆண்டு, 'பறக்கும் மேகம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட கப்பல் நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி, 89 நாளில் சான்பிரான்சிஸ்கோவை அடைந்தது. மற்றக் கப்பல்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்தக் கப்பலுக்கு வழி கணித்தவர் ஒரு பெண். கப்பல் தலைவரின் மனைவி எலினார் கிரீசி. மோரியின் நூல்களை அவர் கரைத்துக் குடித்தவர்.

1853-ம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பு எழுதுவதற்கு வழி செய்தார்கள்.

யாருக்குச் சொந்தம்?

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. மோரியின் வழிகாட்டி நூல் அரசாங்கச் செலவில் அச்சானது. அதற்குப் பதிப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தம் பெயரில் புத்தகம் போட்டு லாபம் அடிக்கலாம் என்று பதிப்பாளர்கள் அவரை எச்சரித்தார்கள்.

மோரி என்ன செய்தார்? அரசாங்க நூலைப் பூட்டி வைக்கவில்லை. பொதுமக்கள் படிப்பதற்கென்று கடலைப் பற்றித் தாமே தனியாக ஒரு புத்தகம் எழுதி, 1855-ம் ஆண்டு வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. வரைபடங்களோ முன்போலவே இலவசமாகப் போய்க்கொண்டிருந்தன.

சறுக்கல்

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. மோரி பதவியை உதறிவிட்டு, அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாகாணங்களின் பக்கம் சேர்ந்தார். உலகத்துக்கெல்லாம் பாதை போட்டவர், தாம் போகும் பாதையில் தவறிவிட்டார்! தென் பகுதி தோற்றது. இங்கிலாந்து, மெக்சிகோ என்று அலைந்தார். 1868-ல் விர்ஜினியா திரும்பி ஆசிரியரானார். 1873-ம் ஆண்டு காலமானார்.

ரிச்மண்ட் நகரில் 1929-ல் அவருக்கு வைத்த சிலை, 2020-ல் அகற்றப்பட்டது. ஆனால் அவர் போட்ட விதை அழியவில்லை.

இன்றும் அதே கேள்வி

அரசாங்க வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை கூடாது என்று 1895-ம் ஆண்டு அமெரிக்கா சட்டமே செய்தது. இன்று வரைபடத்தின் இடத்தில் கணினி மென்பொருள் வந்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசாங்க ஊழியர் தம் வேலையாக எழுதும் மென்பொருளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. கம்பெனிக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கும்போதுதான், உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. ஒப்பந்தத்தில் கவனம் இல்லாவிட்டால், மக்கள் வரிப்பணத்தில் செய்த பொருள் மக்கள் கைக்கு வராமலே போய்விடும்.

சில திறந்த மென்பொருள்களின் உரிமத்திலும் மோரியின் சாயல் உண்டு. எடுத்துத் திருத்தி மற்றவருக்குக் கொடுப்பவர், தாம் செய்த திருத்தத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம். தூர் வாரும்போது எல்லோரும் கை கொடுக்க வேண்டும். மோரி கடலிலே செய்து காட்டியது இதைத்தான்.