கத்தி பிடித்த விஞ்ஞானி – ஜோசப் லிஸ்டர்

நம்ம சுவர் இதழில் விஞ்ஞானி என்றாலே எடிசன், மேரி கியூரி, சர் சி.வி. ராமன் என்றுதான் எழுதி வருகிறோம். ஆபரேஷன் செய்யும் டாக்டரும் விஞ்ஞானியாக இருக்கலாம் என்று காட்டியவர் ஒருத்தர் உண்டு. அவரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் ரத்தம், சீழ் எல்லாம் வரும். பயப்படாமல் படியுங்கள்.

ஜோசப் லிஸ்டர் 1827 ஏப்ரல் 5-ம் தேதி இங்கிலாந்தில் அப்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. ஆனால் மனசெல்லாம் கண்ணாடி வில்லைகளில்தான். நுண்ணோக்கியில் உருவம் தெளிவாகத் தெரிவதற்கு நல்ல வழி கண்டுபிடித்தவர் அவர். அந்த வீட்டுப் பிள்ளை சின்ன வயதிலேயே கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கப் பழகியதில் ஆச்சரியம் இல்லை.

லிஸ்டர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த 1846 டிசம்பரில், அவருடைய கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து மயங்க வைத்து ஒருவருக்குக் காலை எடுத்தார்கள். அதற்கு முன்னால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, நோயாளி கத்தக் கத்தத்தான் அறுப்பார்களாம். வலி போய்விட்டது, இனிமேல் கவலை இல்லை என்றுதான் நாமும் நினைப்போம். நடந்தது வேறு. நோயாளி அசையாமல் கிடந்ததால் டாக்டர்கள் தைரியமாக நிறைய ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடியும். நாலைந்து நாளில் புண் அழுகும், காய்ச்சல் வரும், ஆள் போய்விடுவார்.

1853-ல் லிஸ்டர் எடின்பரோவுக்குப் போய், சைம் என்ற பெரிய டாக்டரிடம் சேர்ந்தார். 1856-ல் அவர் மகள் ஆக்னஸைத் திருமணம் செய்தார். புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர் சுற்றப் போன நாடுகளிலும் ஆஸ்பத்திரிகளைத்தான் பார்த்தார்களாம்! வீட்டிலும் அப்படித்தான். தவளைக் காலின் சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, புண் எப்படி வீங்குகிறது என்று அவர் பார்க்க, அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். அந்த நோட்டுகளில் பாதி கையெழுத்து ஆக்னஸ் அம்மையாருடையது. புத்தகங்களில் இவரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

1860-ல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்குள்ள ஆஸ்பத்திரியில் 1864, 1866 ஆகிய இரண்டு வருடங்களில் கை, கால் வெட்டி எடுத்த 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட பாதி! கெட்ட காற்றுதான் காரணம் என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் கை கழுவாமலே ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போவார்கள். ரத்தக்கறை காய்ந்த கோட்டைப் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள்.

1865-ல் அங்கிருந்த வேதியியல் பேராசிரியர் ஆண்டர்சன், பிரான்சில் பாஸ்டர் என்பவர் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி லிஸ்டரிடம் சொன்னார். பால் கெடுவதும் இறைச்சி அழுகுவதும் நுண்ணுயிர்களால்தான் என்பது பாஸ்டரின் முடிவு. அப்படியென்றால் புண் அழுகுவதும் அதனால்தானே என்று லிஸ்டர் யோசித்தார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. மனுஷன் காலைக் கொதிக்க வைக்க முடியுமா? மருந்து போட்டுத்தான் கொல்ல வேண்டும். கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் ஊற்றுவது அவருக்குத் தெரியும். அதையே எடுத்தார். (எங்க பாட்டி காலத்து சிவப்பு லைஃப்பாய் சோப்பு வாசனை இருக்கிறதே, அது இந்தக் கார்பாலிக் வாசனைதான்.)

முதலில் ஒருவருக்குச் செய்தது பலிக்கவில்லை. பிறகு 1865 ஆகஸ்ட் 12-ம் தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. எங்க மாமாவுக்கும் பைக்கிலிருந்து விழுந்து இப்படித்தான் ஆனது. பிளேட் வைத்துத் தைத்தார்கள், இப்போது வயலுக்குப் போய் வருகிறார். அந்தக் காலத்தில் இப்படி முறிந்தால் காலை எடுப்பார்கள், இல்லாவிட்டால் உயிரே போகும். லிஸ்டர் எடுக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். நாலு நாள் கழித்துப் பிரித்தபோது அமிலம் பட்டுத் தோல் கொஞ்சம் புண்ணாகியிருந்ததே தவிர, சீழ் இல்லை, நாற்றம் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். கை கழுவினால் பிரசவத் தாய்மார்கள் பிழைப்பார்கள் என்று 1847-லேயே வியன்னாவில் காட்டியவர் செம்மல்வைஸ் என்ற டாக்டர். அவர் பேச்சைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். லிஸ்டர் அந்தப் பையனுக்குக் கட்டுப்போட்டதற்கு மறுநாள், ஆகஸ்ட் 13-ம் தேதி, அவர் ஒரு மனநல விடுதியில் இறந்தார். அதுவும் புண்ணில் விஷம் ஏறி! இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

1867-ல் லிஸ்டரின் சகோதரி இசபெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய். லிஸ்டரே ஆபரேஷன் செய்தார். கூடப் பிறந்தவர் மேல் கத்தி வைக்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்! புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அந்த வருடமே தன் முறையை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1867 முதல் 1869 வரை கை, கால் எடுத்த 40 பேரில் 6 பேர்தான் இறந்தார்கள்.

உடனே எல்லோரும் மாறிவிட்டார்களா? இல்லை. ஜெர்மனி டாக்டர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். அவருடைய சொந்த நாட்டுப் பெரிய டாக்டர்கள், கண்ணுக்குத் தெரியாத பூச்சியா என்று கேலி செய்தார்கள். 1877-ல் அவர் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. அவர் சொன்னதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காதே என்று பயமாம்! அதே வருடம் அக்டோபரில், உடைந்த முழங்கால் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். தோல் கிழியாத மூட்டை வேண்டுமென்றே அறுப்பதை அன்று பெரிய குற்றமாக நினைத்தார்கள். அந்தப் புண்ணும் ஆறியது. அதன் பிறகுதான் லண்டன்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. காற்றில் உள்ள கிருமியைக் கொல்ல, ஆபரேஷன் அறை முழுக்கக் கார்பாலிக் புகையாக அடிக்கும் ஒரு கருவி வைத்திருந்தார். 1871-ல் விக்டோரியா மகாராணியின் அக்குள் கட்டியை அறுத்தபோதும் அதை அடித்தார்கள். எல்லோருக்கும் கை வெந்துபோகும், இருமல் வரும். கிருமி காற்றைவிடக் கையிலும் கத்தியிலும்தான் அதிகம் வருகிறது என்று பிறகு தெரிந்தது. 1890-ல் பெர்லினில் நடந்த உலக மருத்துவ மாநாட்டில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அந்தக் கருவி வேண்டாம் என்று அவரே சொன்னார். அதை இத்தனை நாள் சிபாரிசு செய்ததற்கு வெட்கப்படுவதாகவும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 63, உலகப் புகழ் பெற்றவர். அதற்குள் ஜெர்மனியில் கத்தி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தார். அதுகூட, மருந்து பட்டு ஒரு நர்ஸின் கை புண்ணானதால் செய்ததுதான். பின்னால் அந்த நர்ஸையே கட்டிக்கொண்டார்!

1893-ல் இத்தாலிக்குப் போன இடத்தில் ஆக்னஸ் அம்மையார் நிமோனியாவில் இறந்தார். குழந்தைகள் இல்லை. அதற்குப் பிறகு லிஸ்டர் ஆராய்ச்சியைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். 1897-ல் பிரபு பட்டம் கொடுத்தார்கள். 1912 பிப்ரவரி 10-ம் தேதி காலமானார். லண்டனில் அந்தக் கால ராஜாக்கள் பலரைப் புதைத்த வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இறுதிச் சடங்கு நடந்தது. ஆனால் அங்கே அடக்கம் செய்யவில்லை. அவர் ஆசைப்படி ஹாம்ப்ஸ்டெட் கல்லறையில், ஆக்னஸ் அம்மையாருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி