மலையருவியை மின்னாக்கிய விமலசுரேந்திர

மலைநாட்டுத் தோட்டங்களில் நம் மக்கள் 'இஸ்டோர்' என வழங்கும் தேயிலை ஆலைகள் பலவற்றில், ஒரு காலத்தில் ஓடைநீரே உழைத்தது. நீர் வீழ்ந்து பெருஞ்சக்கரத்தைச் சுழற்றும். அச்சுழற்சியைப் பற்சக்கரங்கள் வாங்கி நெடிய இரும்புத் தண்டுக்கு ஈயும். தண்டினின்று இறங்கும் வார்ப்பட்டைகள் கொழுந்து உருட்டும் எந்திரத்தை ஆட்டும். அவ்வெந்திரங்களிற் பல இங்கிலாந்தின் கேன்ஸ்பரோவிலும், அயர்லாந்தின் பெல்பாஸ்ற்றிலும் உருவாகிக் கப்பலேறி வந்தவை. எத்துணை உறுதியான பற்சக்கரமாயினும் அதன் ஆற்றல் ஆலைச் சுவரோடு நின்றுவிடும். அடுத்த மலைக்கு அதனைக் கொண்டுசெல்ல வழியில்லை.

அவ்வெல்லையைக் கடந்து சிந்தித்தவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. 1874இல் காலியிற் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற கைவினைஞர். மகனார் பொறியியல் கற்றுப் பொதுவேலைப் பகுதியில் அமர்ந்தார். பொன் கிடைக்குமா என்று ஆராய அவரை மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாப் பக்கங்களுக்கு அனுப்பினர். பொன் தேடச் சென்றவர் கண்டது லக்சபான, அபர்டீன் அருவிகளை. வெண்பொன் என்று புலவர் பாடிவிட்டு அகலும் காட்சி அது. அவரோ வீழ்ச்சியின் உயரத்தையும் நீரின் அளவையும் கணக்கிடலானார். பின்னர் நுவரெலியா நகருக்கு ஒளி தரும்பொருட்டு, நானுஓயாவுக்கு அண்மையில் பிளக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றையும் அமைத்தார்.

1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் தம் ஆராய்ச்சியை வைத்தார். நாட்டின் ஆறுகளே தொழில்களுக்கு வேண்டிய ஆற்றலைத் தரும் என்பது அதன் சாரம். ஆட்சியாளர் மனம் எளிதில் இளகவில்லை. செலவு மிகுதி, வாங்குவோர் குறைவு என்ற தடைகள் எழுந்தன. வாங்குவோர் வந்தபின் விளக்கேற்றுவோம் என்பது எவ்வகைக் கணக்கோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை. 1924இல் லக்சபானத் திட்டம் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1927இல், பணமில்லை என்று நின்றது. உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற விமலசுரேந்திர சோர்ந்து இருந்துவிடவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராய் அரசாங்க சபை புகுந்து, ஆங்கும் மின்சாரத்துக்காகவே வாதாடினார்.

இரண்டாம் உலகப்போரும் கழிந்து, 1950இல் லக்சபான மின்னிலையம் இயங்கலாயிற்று. மூன்று எந்திரங்கள், மொத்தம் 25,000 கிலோவாற்று. அங்குச் சுழல்வது பெல்றன் சக்கரம். விளிம்பைச் சுற்றி இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாய் நிற்க, குழாயிற் பாய்ந்துவரும் நீர் அவற்றில் மோதும். அம்மோதலைத் தாங்கவல்லது உறுதியான உருக்கு வார்ப்பு. அதனை வார்க்கும் ஆலை இலங்கையில் இல்லாமையால் அதுவும் கடல் கடந்தே வந்தது. ஆயின் பழைய நீர்ச்சக்கரத்தினின்று ஒரு வேறுபாடு: சக்கரமும் மின்னாக்கியும் ஒரே தண்டிற் சுழல்வன, இடையே பற்சக்கரம் இல்லை. அப்பால் ஆற்றலைச் சுமப்பது கம்பி.

கம்பி மலைகளைத் தாண்டிக் கொழும்பை அடைந்தது. அதன் கீழிருந்த லயங்களுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் சென்றன. அற்றனுக்கு அண்மையில் லயக் காம்பிராவிற் பிறந்த நான், மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலேயே நன்னூற் சூத்திரங்களை மனனம் செய்தேன். எங்கள் கூரைக்குமேல் மின்கம்பி சென்றுகொண்டுதான் இருந்தது. இக்குறை அவருடையதன்று. ஆற்றலை ஆக்கும் கணக்கை அவர் முடித்துக் கொடுத்தார். பங்கிடும் கணக்கைப் பிறர் எழுதினர்.

முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்து தம் எண்ணம் ஈடேறக் கண்டவர், 1953 ஆகஸ்ட் 10ஆம் நாள் மறைந்தார். 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்த 50,000 கிலோவாற்று மின்னிலையத்துக்கு அவர் பெயரையே இட்டனர். காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் அந்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டன் குளத்தில் விழுகின்றது. அங்கிருந்து மீண்டும் இறங்கி, அவர் கனவு கண்ட பழைய லக்சபானவைச் சுழற்றுகின்றது.