பனிமலையை வலம் வந்த பேராசிரியர்

உயர்ந்த மலையொன்றைக் கண்டதும் அதன் உச்சியில் ஏறி நிற்க வேண்டும் என்ற ஆவல் எழுவது மனித இயல்பு. ஆனால் உச்சியை நாடுவதற்கு முன் மலையைச் சுற்றி நடக்க வேண்டும், அதன் நாற்புறத்தையும் அறிய வேண்டும் என்று எண்ணியவர்கள் வெகு சிலரே. அந்தச் சிலருள் தலையாயவராக நான் கருதுவது ஜினீவா நகரப் பேராசிரியர் ஹொராஸ் பெனெடிக்ட் த சொசூர் அவர்களை. இயற்பியல் மாணவனாகிய எனக்கு முதலில் ஈரப்பதமானியைச் செய்தவராகவே அறிமுகமான இப்பெரியார், பின்னர் ஒரு வாழ்க்கை நெறியையே கற்பித்தவராக என் மனத்தில் நிலைத்துவிட்டார். அவர் வரலாற்றை என் தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

சொசூர் 1740ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ஜினீவாவை அடுத்த கோன்ஷ் என்னும் ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தாயின் சகோதரியை மணந்த சார்ல் பொன்னே புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளர். அவருடைய தொடர்பால் சிறுவனுக்குச் செடிகொடிகளின்மேல் நாட்டம் பிறந்தது. கல்வியில் விரைந்து முன்னேறிய சொசூர், 1762இல் தமது 22ஆம் வயதிலேயே ஜினீவா கல்விக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரானார். இயற்கை விஞ்ஞானமும் அக்காலத்தில் தத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1760இல், தாவரங்களைச் சேகரிப்பதற்காக அவர் ஜினீவாவிலிருந்து கால்நடையாகவே சாமோனிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அங்கே, மேற்கு ஐரோப்பாவிலேயே உயர்ந்த சிகரமான மோண்ட் பிளாங்க் பனிமுடி தரித்து நின்றது. அதன் உச்சியை அதுவரை எவரும் மிதித்ததில்லை. அதற்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக அப்பள்ளத்தாக்கின் ஊர்களிலெல்லாம் அறிவிக்கச் செய்தார் அந்த இருபது வயது இளைஞர்.

மலை வலம்

பரிசை அறிவித்தவர் வாளாவிருக்கவில்லை. உச்சிக்கு வழி தெரியாவிட்டால் என்ன, சுற்றுவதற்கு வழி இருக்கிறதே! 1767ஆம் ஆண்டு அவர் அந்த மலைத்தொகுதி முழுவதையும் ஒரு முறை சுற்றி வந்தார். இன்று அவ்வழி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையாக விளங்குகிறது. பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடே அது செல்கிறது. வழியில் 2,500 மீட்டரையொட்டிய கணவாய்கள் பல உண்டு. ஏறி இறங்கி, மீண்டும் ஏறி நடப்பதால், ஏறும் உயரங்களை மட்டும் கூட்டினாலே ஏறக்குறைய பத்தாயிரம் மீட்டர் ஆகிவிடும். இந்நாளில் நல்ல பாதையும் தங்கும் விடுதிகளும் இருந்தும் நடப்பவர்களுக்குப் பத்து நாட்கள் வரை பிடிக்கிறது. வரைபடம்கூடச் சரியாக இல்லாத அந்நாளில் அஃது எத்தகைய முயற்சியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அவ்வாறு சுற்றியதால் சாவாய்ப் பகுதிப் பனிமலைகளின் அமைப்பு உலகுக்குத் தெளிவாகத் தொடங்கியது. ஒரு பக்கத்தில் மதில்போல் செங்குத்தாக நிற்கும் மலை, மறுபக்கத்தில் சரிந்து பனியாறுகளை வழியவிடுவதைக் கண்டார். பாறைப் படுகைகள் சாய்ந்தும் மடிந்தும் கிடப்பது ஏன் என்ற வினா அவரை விடவில்லை. அவ்வினாவைத் தொடர்ந்து ஆல்ப்ஸ் மலைத்தொடரை எட்டு வெவ்வேறு வழிகளில் பதினான்கு முறை கடந்தார். கண்டவற்றையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய ஆல்ப்ஸ் பயண நூல் 1779 முதல் 1796 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. இடையே, மனித முடி ஈரத்தில் நீள்வதைக் கொண்டு தாம் அமைத்த ஈரப்பதமானியைப் பற்றி 1783இல் தனி நூலும் வெளியிட்டார்.

உச்சியில் நான்கரை மணி நேரம்

1785இல் அவரே மேற்கொண்ட ஏற்றம் தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், சாமோனியைச் சேர்ந்த மருத்துவர் பக்காரும் பளிங்குக்கல் தேடுபவரான பால்மாவும் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். அறிவிப்பு வெளியாகி 26 ஆண்டுகளுக்குப் பின் பரிசு பால்மாவுக்குக் கிடைத்தது. முதன்மை போய்விட்டதே என்று சொசூர் ஒதுங்கினாரா? இல்லை. 1787ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், 18 வழிகாட்டிகளும் ஒரு பணியாளும் உடன்வரப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. இரண்டு இரவுகளை மலைமேல் கழித்து, 3ஆம் நாள் முற்பகலில் உச்சியை அடைந்தார். கீழே சாமோனியில் அவருடைய மனைவியார் தொலைநோக்கியில் கண் பதித்துக் காத்திருந்தார்.

இங்கேதான் நான் மிகவும் வியக்கும் செய்தி வருகிறது. உச்சியை மிதித்த கணத்தில் அவருக்கு மகிழ்ச்சி பொங்கவில்லை. நெடுநாள் அலைக்கழித்த பனியின்மீது ஒருவகைச் சினமே எழுந்ததாக அவரே எழுதிவைத்தார். அவருடைய உண்மையான மகிழ்ச்சி, சுற்றிலும் பார்த்தபோதுதான் பிறந்தது. தாம் ஆண்டுக்கணக்கில் அடிவாரங்களில் தனித்தனியே கண்ட சிகரங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்பதை ஒரே பார்வையில் கண்டார். பல ஆண்டு ஐயங்கள் அங்கே தீர்ந்தன. மலையைச் சுற்றாமல் நேரே ஏறியிருந்தால் தீர்த்துக்கொள்ள அவரிடம் ஐயம் ஏது?

பிறகு வேலை தொடங்கியது. மூச்சுத் திணறலுக்கிடையே பாரமானியைப் பார்த்தார். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. தண்ணீர் சுமார் 86 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்தது. சாமோனியில் நிமிடத்திற்கு 72 முறை துடித்த அவருடைய நாடி, உச்சியில் நெடுநேரம் ஓய்ந்த பின்னும் 100 முறை துடித்தது. வானின் நீலத்தை அளக்கவும், படிப்படியாக வண்ணம் தீட்டிய காகிதங்களைக் கொண்டு சென்றிருந்தார். அவர் கணக்கிட்ட சிகர உயரம் ஏறத்தாழ 4,775 மீட்டர். இன்றைய அளவீடுகள் கூறுவது சுமார் 4,806 மீட்டர். இதற்கெல்லாம் அவர் எடுத்துக்கொண்டது சுமார் நான்கரை மணி நேரம்.

அத்துடனும் அவர் நிறைவடையவில்லை. 1788இல் மகன் நிக்கோலா தியொடோரை அழைத்துக்கொண்டு 3,300 மீட்டருக்கு மேலுள்ள ஜெயான் கணவாயில் கூடாரமடித்து, 17 நாட்கள் வானிலையைக் குறித்தார். அந்த மகனே பிற்காலத்தில் தாவரங்கள் உணவு ஆக்கும் முறையை ஆராய்ந்து புகழ்பெற்றார் என்பதைத் தாவரவியல் நண்பர்கள் அறிவர்.

இறுதி நாட்களும் நினைவுச் சின்னங்களும்

பிரெஞ்சுப் புரட்சி அவருடைய செல்வத்தைக் கரைத்தது. வாத நோய் உடலைத் தளர்த்தியது. 1799ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஜினீவாவில் காலமானார். 1887இல் சாமோனியில் எழுப்பிய சிலையில், பால்மா சிகரத்தைச் சுட்டிக்காட்ட, சொசூர் நிமிர்ந்து பார்க்கிறார். முதலில் ஏறிய இருவரில் ஒருவரான பக்கார் அச்சிலையில் இடம்பெறாதது எனக்குக் குறையாகவே படுகிறது. 1979இல் சுவிட்சர்லாந்து வெளியிட்ட இருபது பிராங்க் நோட்டிலும் சொசூரின் உருவம் இருந்தது. ஆயினும் நம் நாட்டவர்க்கு நெருக்கமான நினைவுச் சின்னம் வேறொன்று. இமயத்தில் மலரும் பிரம்மகமலம் என்னும் பூ, தந்தையும் மகனுமாகிய இவர்களின் பெயரைத் தாங்கிய சொசூரியா என்ற பேரினத்தைச் சேர்ந்ததாகும்.

முதல் மதிப்பெண், முதல் பரிசு, முதல் இடம் என்றே நம் காலம் ஓடுகிறது. மோண்ட் பிளாங்க் ஏற்றங்களின் வரிசையில் சொசூரின் ஏற்றம் மூன்றாவது. எனினும் அந்த மலையை அறிந்தவர் யார் என்று கேட்டால் உலகம் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான். தேர்வு என்னும் உச்சிக்குக் குறுக்குவழி தேடும் தோழர்களே! பாடத்தையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். ஐயங்களைச் சுமந்துகொண்டு ஏறுபவனுக்கே சிகரம் விடை தரும் என்பது சொசூரின் வாழ்விலிருந்து நான் பெற்ற பாடமாகும்.